பின்படியின் உயரம் ஏழு அங்குலம்

சுகி, போன மாதம் அஜக்ஸில் உன் வீட்டிலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு வரும்போது காரில் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, சீரியஸா கேக்கிறன். இவ்வளவு வருசமா நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்? பிரெண்ட்ஸ் கேட்டா ஒருக்கா கிளீனர் எண்டுறன், ஒருக்கா டூர் கைட் எண்டுறன். ரெண்டில எது?"

நான் யோசிப்பதற்குள் அம்மா பின்சீற்றிலிருந்து பதில் சொல்லிவிட்டா. "செத்துப்போன ஒரு வெள்ளைக்காரனுக்கு உன்ர அப்பா வேலைக்காரன். அப்பிடிச் சொல்லு."

நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி என்னோடேயே வீட்டுக்கு வந்துவிட்டது. ஆட்களைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பழைய கட்டிடங்களைக் காட்டுகிற நடைகளையும் இந்த வசந்தத்தோடு நிறுத்திவிட்டார்கள். இனி ஆட்கள் போனைக் காதில் மாட்டிக்கொண்டு தாங்களே நடந்து கட்டிடங்களைப் பார்ப்பார்களாம். அந்தப் போனுக்குள் வைக்கிற பேச்சைச் சரிபார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினார்கள். நடையில் ஏழாவதாக வரும் வீட்டுக்கு இரண்டே இரண்டு வசனம். அந்த வீட்டைப் பற்றி இரண்டு வசனத்தில் என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நீ எழுத்துக் கூட்டி வாசிப்பாய் என்பதால் சின்ன வசனமாக எழுதப் பார்க்கிறேன். விளங்காத இடத்தைத் தம்பி அருணிடம் கேட்காதே, விட்பிக்குப் போன பிறகு அவன் தமிழ் உன்னுடையதைவிட மோசம். அம்மாவிடம் கேள்.

அந்தச் செத்துப்போன வெள்ளைக்காரரின் பெயர் கார்விக். விக்டோரியா மகாராணி காலத்தில் ரொறன்ரோவில் கட்டிடங்களுக்கு வரைபடம் கீறியவர். நகரத்தின் பழைய கிழக்குப் பக்கத்தில் அவருடைய இரண்டு தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தீயணைப்பு நிலையம், சில வீடுகள் இன்னும் நிற்கின்றன. சிவப்புக் கல், இடையிடையே மஞ்சள் கல், கூரான முகப்பு. அவர் கட்டிய தேவாலயம் ஒன்றின் மண்டபத்தைக் கூட்டித் துடைக்கத்தான் நான் முதலில் போனேன். நீ அப்போது கிண்டர்கார்டின். அருண் தொட்டிலில்.

அந்த மண்டபத்தின் ஒரு சின்ன அறையில் மிஸ் எடித் இருந்தார். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கார்விக்கின் கட்டிடங்களைச் சுற்றிக் காட்டி, ஒவ்வொன்றின் முன்னும் நின்று பேசுவார். கதவுகளைத் திறக்கச் சாவி வேண்டும். சாவி என்னிடம். அப்படித்தான் நான் அந்த வேலைக்குள் விழுந்தேன். முதல் இரண்டு வருடம் சாவிக்காரன். பிறகு வரிசையின் கடைசி ஆள். பிறகு அவருக்குத் தொண்டை கட்டிய ஒரு நாள் என்னைப் பேசச் சொன்னார். பேசினேன். இவ்வளவுதான் என் படிப்பு.

கடைசி ஆளின் வேலையைக் கொஞ்சம் சொல்லவேண்டும், அதுதான் எனக்குப் பிடித்த வேலை. முன்னால் மிஸ் எடித் சிவப்புக் குடையைத் தூக்கிக்கொண்டு போவார், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும். பின்னால் நான். ஒவ்வொரு சந்தியைக் கடந்ததும் தலைகளை எண்ணி விரலால் அவருக்குக் காட்டவேண்டும். ஆட்களை வெயிலைப் பார்த்து நிற்கவிடக்கூடாது. ஒரு கட்டிடத்தின் முன் போய் நின்றால் உடனே பேசக்கூடாது. மிஸ் எடித் தன் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் சும்மா நிற்பார். "முதலில் அவர்கள் பார்க்கட்டும். நாங்கள் பேசத் தொடங்கினால் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்" என்பார்.

அவர் யாரையும் பாராட்டியதில்லை. நடை நன்றாக முடிந்தால் கைப்பையிலிருந்து இரண்டு இஞ்சி ரொபி மிட்டாய் எடுப்பார். ஒன்று தனக்கு, ஒன்று எனக்கு. நன்றாக இல்லாவிட்டால் கைப்பை திறக்காது. அம்மா பஸ் தரிப்பிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, இண்டைக்கு ரொபி இல்லையோ?" என்று கேட்பா.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதை வேறு எங்கும் நான் கண்டதில்லை. ஒரு கட்டிடத்தின் முன் நின்று பிழையான ஒன்றைச் சொல்லிவிட்டோம் என்று பிறகு தெரிந்தால், அடுத்த நடையில் அதே இடத்தில் நின்று, "போன தடவை இந்த இடத்தில் நான் இப்படிச் சொன்னேன். அது பிழை" என்று சொல்லவேண்டும். கேட்கிறவர்கள் புது ஆட்கள். அவர்களுக்குப் பழைய பிழை தெரியவே தெரியாது. "பிறகு ஏன் மிஸ்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அவர்களுக்குத் தெரியாது, மிஸ்டர் தாஸ். அந்த வீட்டுக்குத் தெரியும்" என்றார்.

மண்டபத்தோடு கார்விக் கட்டிய வேறு சில வீடுகளையும் நான் துடைத்தேன். ஒன்று பல் வைத்தியரின் இடம், ஒன்று சட்டத்தரணியின் கந்தோர். அந்தக் கால வீடுகளில் இரண்டு படிக்கட்டு இருக்கும். முன்படி வீட்டுக்காரருக்கும் விருந்தாளிக்கும். பின்படி வேலைக்காரருக்கு. மற்ற ஆட்கள் கட்டிய வீடுகளில் பின்படி ஏணி மாதிரி. தண்ணீர் வாளியோடு ஏறினால் முழங்கால் வாளியில் இடிக்கும், தண்ணீர் சப்பாத்துக்குள் போகும். ஆனால் கார்விக்கின் வீடுகளில் தண்ணீர் சிந்தவில்லை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, என் கால்தான் கண்டுபிடித்தது. ஒரு நாள் அளவு ரேப்பை வைத்துப் படியின் உயரத்தை அளந்தேன். முன்படி ஏழு அங்குலம். பின்படியும் ஏழு அங்குலம்.

மிஸ் எடித்திடம் சொன்னேன். அடுத்த நாள் மடக்கு அளவுகோலோடு வந்து மூன்று வீடுகளின் பின்பக்கத்தை அளந்தார். எல்லாம் ஏழு. மூன்றாவது வீட்டில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இத்தனை வருடம் நான் முன்கதவால் மட்டும் போயிருக்கிறேன்" என்றார். அன்றைக்கு நடையே இல்லை. ஆனாலும் ரொபி வந்தது. அதன் பிறகு பின்படிகளைப் பற்றிப் பேசுகிறது என் பொறுப்பு. ஆட்களைப் படியில் ஏறவிட்டு, பிறகு, "உங்களுக்கு ஏதாவது தெரிந்ததா?" என்று கேட்பேன். ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். "அதுதான்" என்பேன். எனக்கு அதில் பெருமை. பெருமை கொஞ்சம் கூடிப்போனதுதான் இனி வரும் கதை.

ஏழாவது வீட்டுக்கு வருகிறேன். அது ஒரு மூலை வீடு. முகப்பு கார்விக் மாதிரி, கல்லும் கார்விக் மாதிரி. ஆனால் அவர் கட்டினார் என்று கடதாசி ஒன்றும் இல்லை. மிஸ் எடித் பத்தொன்பது வருடமாக அதன் முன் நின்று, "இதுவும் அவருடையது என்று நம்புகிறேன்" என்று சொல்லிவந்தார். அந்த வீட்டை வாங்கி அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தவர் நம்முடைய குணம் அண்ணை.

குணம் அண்ணையை உங்களுக்குத் தெரியும். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் பனிக்காலம் ஐந்து மாதம் ஸ்காபரோவில் அவருடைய பேஸ்மென்ற்றில் இருந்தேன். என்னுடைய முதல் குளிர்ச் சட்டை அவருடையது. அவர் அந்த வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நினைத்தார். கார்விக்கின் வீடென்றால் இடிக்கவிடமாட்டார்கள். இது கார்விக்கின் வீடு என்று மிஸ் எடித் எழுதிய கடிதம் ஒன்று நகரசபையில் கிடந்தது. ஒரு நாள் குணம் அண்ணை எனக்குப் போன் எடுத்தார்.

"டேய் தாஸ், உந்தக் கிழவியிட்டச் சொல்லு, உது அந்தாளின்ர வீடு இல்லையெண்டு."

"நான் எப்பிடி அண்ணை சொல்றது? எனக்குத் தெரியாதே."

"நீதானே படியை அளந்து பிடிக்கிற ஆள். வந்து அளந்து பார். அந்தப் பின்படியால ஏறினா மேல்மாடிக்குப் போகமாட்டாய், மோட்சத்துக்குத்தான் போவாய்."

போய் அளந்தேன். ஒன்பதரை அங்குலம். மூன்று தடவை அளந்தேன். கார்விக் என்றால் ஏழு. ஆகவே இது கார்விக் இல்லை. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

மிஸ் எடித்திடம் போய்ச் சொன்னபோது அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எத்தனை தடவை அளந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். மூன்று என்றேன். அடுத்த ஞாயிறு ஏழாவது வீட்டின் முன் நின்று, ஒரு நிமிடம் காத்திருந்து, "பத்தொன்பது வருடமாக இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லிவந்தேன். அது பிழை" என்றார். குடை கொஞ்சம் ஆடியது. நகரசபைக்கு எழுதி அந்தக் கடிதத்தையும் திருப்பி எடுத்தார். அன்று எனக்கு ஒரு ரொபி தந்தார். தான் எடுக்கவில்லை.

குணம் அண்ணை வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் தந்து என் முதுகில் தட்டினார். நீங்கள் இரண்டு பேரும் அங்கே நல்லாய்ச் சாப்பிட்டீர்கள். எனக்கும் இறங்கத்தான் செய்தது.

இடிக்கிற நாள் கிட்ட வந்தது. வீட்டில் பின்படிக்குக் கீழே ஒரு குளியலறை. அதில் பழைய இரும்புத் தொட்டி, சிங்கக் கால் வைத்தது. அதை அஜின்கோர்ட்டில் தன் வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோகவேண்டும் என்று அண்ணைக்கு ஆசை.

"தொட்டியில கத்தரி நடப்போறன். வா, ஒரு கை பிடி."

"அண்ணை, உதை ரெண்டு பேர் தூக்கேலாது."

"தூக்கச் சொன்னனே? பக்கத்துப் பலகையைக் கழட்டினா இழுக்கலாம்."

சுவரை மூடியிருந்த பலகையைக் கழற்றினோம். அதற்குப் பின்னால் பழைய சுவர். சுவரில் மேலே பச்சை வர்ணம், கீழே வெறும் சாந்து. இரண்டும் சந்திக்கும் கோடு நேராக இல்லை. படி படியாக இறங்கியது. ஒரு நீட்டு, ஒரு இறக்கம், ஒரு நீட்டு, ஒரு இறக்கம். முந்தி அங்கே வேறொரு படிக்கட்டு இருந்திருக்கிறது. வர்ணம் பூசினவன் படி தொடும் இடம்வரை பூசி நிறுத்தியிருக்கிறான். பிறகு யாரோ குளியலறைக்கு இடம் பிடிப்பதற்காக அந்தப் படிகளைப் பிடுங்கிவிட்டு, மிஞ்சின இடத்துக்குள் செங்குத்தாகப் புதுப்படி வைத்திருக்கிறார்கள்.

ரேப்பை எடுத்தேன். ஆறு படிகள் தெரிந்தன. ஆறும் ஏழு அங்குலம்.

குணம் அண்ணை தொட்டியின் மறுபக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார். அவர் ஒன்றும் விளங்காத மோடன் இல்லை. "என்னடா?"

"அண்ணை, இது அவற்ற வீடுதான்."

"எவற்ற?"

"கார்விக்கின்ர. நான் பிழையான படியை அளந்துபோட்டன்."

கழற்றிவைத்த பலகையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "சரி. பார்த்தாச்சு. பலகையைத் திருப்பி வை" என்றார்.

"ஏலாது அண்ணை."

"உனக்கென்ன விசரோ? நீ வாயை மூடினா அந்தச் சுவர் எழும்பி வந்து கதைக்குமோ? ஆரடா உனக்கு முதல் சட்டை தந்தது, அந்தக் கிழவியோ நானோ?"

அவர் சட்டையைச் சொல்லிக்காட்டியது அன்று ஒருமுறைதான், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தொட்டியை அப்படியே விட்டுவிட்டு நான் வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா கதையைக் கேட்டுவிட்டு, "குணம் அண்ணையின்ர பேஸ்மென்ற்றில எத்தினை மாசம் இருந்தனீங்கள்?" என்றா.

"ஐஞ்சு."

"அந்த மனுசி எத்தினை ரொபி தந்திருக்கும்?"

"பகிடி விடாதையும்."

"பகிடி இல்லை. நீங்கள் இப்பவே மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு திரியிறியள். சொல்லாட்டில் வாழ்நாள் முழுக்க இந்த மூஞ்சையை நான்தான் பாக்கவேணும். போய்ச் சொல்லுங்கோ."

எனக்கு இருந்த பயம் குணம் அண்ணையின் கோபம் மட்டுமல்ல. மிஸ் எடித் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? தன் ஊர் ஆளுக்காக ஒன்பதரை என்று பொய் சொன்னான் என்று நினைத்தால்? நான் சொன்னதை நம்பித்தானே அந்த மனுசி வீதியில் நின்று தன் பத்தொன்பது வருடத்தைப் பிழை என்றது. வேலை போனால் வேறு வேலை பார்க்கலாம். என் அளவை ஒருவர் இனி நம்பமாட்டார் என்றால் அதற்கு நான் எங்கே போவது?

போய்ச் சொன்னேன். மிஸ் எடித் முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார், "வீட்டுக்காரர் உங்களுக்கு வேண்டியவரா?"

"ஓம் மிஸ்."

"முதல்முறை நீங்கள் அளக்கப் போனது, அவர் கேட்டா?"

"ஓம்."

அவர் எழும்பி அளவுகோலை எடுத்துக் கைப்பையில் போட்டார். "காட்டுங்கள்" என்றார்.

குணம் அண்ணை பின்கதவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விடமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் எண்பதை நெருங்கிய ஒரு மனுசி தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லி, "உள்ளே வரலாமா?" என்று கேட்டால் நம்முடைய ஆட்களால் எப்படி மறுக்க முடியும்? என்னைத் தமிழில் திட்டிக்கொண்டே கதிரை கொண்டுவந்து போட்டார். "வந்திட்டான் துரோகி. கிழவிக்குச் சீனி எத்தினை கரண்டி எண்டு கேள்."

"அரைக் கரண்டியாம் அண்ணை."

"அரைக் கரண்டிக்கு ஒரு தேத்தண்ணி" என்று முணுமுணுத்துக்கொண்டு போட்டுக்கொண்டு வந்தார்.

மிஸ் எடித் முதலில் சுவரைத் தொடவில்லை. இப்போதுள்ள படியைத்தான் அளந்தார். கீழிருந்து மேலேவரை ஒவ்வொரு படியாக, கைபிடியைப் பிடித்து ஏறி ஏறி அளந்தார். மேலே போனபின் இறங்க முடியவில்லை. அவ்வளவு செங்குத்து. படியில் உட்கார்ந்து, பிள்ளைகள் சறுக்குவதுபோல் ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே குணம் அண்ணை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "மெல்ல, மெல்ல மிஸ், ஸ்லோ, ஸ்லோ" என்று கத்திக்கொண்டு நின்றார். பிறகுதான் குளியலறைச் சுவருக்கு வந்து அந்த ஆறு கோட்டையும் அளந்தார்.

அளவுகோலை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒன்பதரை. உங்கள் அளவு சரியாகத்தான் இருந்தது, மிஸ்டர் தாஸ். படிதான் பிழை."

அவர் ஏன் முதலில் மற்றப் படியை அளந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் முகம் கழுவப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

அடுத்த ஞாயிறு ஏழாவது வீட்டின் முன் குடையை என் கையில் தந்தார். "முதல்முறை பேசியது என் வாய். ஆனால் அளந்தது நீங்கள்" என்றார். இருபது பேர் இருப்பார்கள். குணம் அண்ணை வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் ஆக நீளமான நிமிடம் அது. பிறகு சொன்னேன். "இந்த வீடு கார்விக்கின் வீடு இல்லை என்று நான் சொன்னேன். அது பிழை. நான் ஒரு சுவரைப் பார்க்காமல் பேசிவிட்டேன். இந்த வீட்டுக்காரருக்கும் அதனால் வீண் நம்பிக்கை கொடுத்துவிட்டேன். அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன்." கடைசியை வாசற்படியைப் பார்த்துச் சொன்னேன். குணம் அண்ணை உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அன்று ரொபி இல்லை. "வசனங்கள் கூடிவிட்டன" என்றார் மிஸ் எடித்.

மிஸ் எடித் நகரசபைக்கு மறுபடி எழுதினார், வீடு தப்பியது. குணம் அண்ணை இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. கோயிலில் பூசைக்கு நான் ஒரு வாங்கில் உட்கார்ந்தால் அவர் எழும்பி மற்ற வாங்குக்குப் போவார். பிறகு மிஸ் எடித் காலமானார். செத்தவீட்டில் நான் தனியாகப் பின்னால் இருந்தேன். யாரோ பக்கத்தில் வந்து இருந்தார்கள். பார்த்தால் குணம் அண்ணை, கோட் போட்டுக்கொண்டு. "அரைக் கரண்டி சீனி" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

இனி போன சனிக்கிழமைக் கதை. போன் நடையை நானும் ஒருமுறை நடந்து பார்ப்போம் என்று காதில் மாட்டிக்கொண்டு போனேன். நல்ல குரல், குறை சொல்ல முடியாது. ஆனால் நிமிடம் காத்திருப்பதில்லை. ஏழாவது வீட்டின் முன் இரண்டு வசனம் சொல்லிவிட்டு, இடது பக்கம் திரும்பு என்றது. என்னோடு காதில் மாட்டிக்கொண்டு நின்ற நாலு பேரும் இடது பக்கம் திரும்பத் தொடங்கினார்கள்.

அப்போது வீட்டின் பக்கவாட்டுக் கேற்றில் ஒரு கை தெரிந்தது. குணம் அண்ணை. இப்போது அவருக்கு எண்பது. ஒரு கையில் ஊன்றுகோல், மற்றக் கையால், "பாக், பாக், கம் ரு த பாக்" என்று எல்லாரையும் பின்பக்கத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறார். நாலு பேரும் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு அவருக்குப் பின்னால் போனார்கள். நானும் போனேன். சனிக்கிழமைகளில் இதுதானாம் அவருடைய வேலை. குளியலறைப் பலகையை அவர் திருப்பி வைக்கவே இல்லை. தொட்டியும் அங்கேதான் நிற்கிறது.

சுவரைக் காட்டிக் கதை சொன்னார். அவருடைய கதையில் தொட்டியை இழுத்தது அவர் தனியாக. கோட்டைக் கண்டதும் அவர்தான். பார்த்தவுடனேயே, இது கார்விக் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதாம். நான் என்ற ஒரு ஆள் அந்தக் கதையில் இல்லை. அவர் என்னைக் கடைக்கண்ணால் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கண்டது யாராக இருந்தால் என்ன?

"ஒவ்வொரு படியும்," என்று ஊன்றுகோலால் சுவரைத் தட்டினார், "எய்ற் இஞ்சஸ்."

"அண்ணை, எட்டு இல்லை, ஏழு" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "அளந்தனியோ?"

"அளந்தனான்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்த நாலு பேரையும் முந்தி நின்ற இடத்திலேயே திரும்ப நிற்கச்சொல்லி, தானும் சுவருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, ஊன்றுகோலை அதே கோட்டில் வைத்தார்.

"ஸொறி. ஹியர், ஐ சே எய்ற். ரோங். செவன்."

ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். பிறகு மேலே பார்ப்பதற்கு அந்தச் செங்குத்துப் படியால் ஏறினார்கள், குணம் அண்ணை முன்னால். நான் பழக்கதோஷத்தில் பின்னால் நின்றேன். ஐந்து தலைகளை எண்ணினேன். எல்லாரும் மேலே போய்ச் சேர்ந்த பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

சுகி, என்ன வேலை என்று உன் பிரெண்ட்ஸ் கேட்டால் இந்தக் கதையைச் சொல்லு.